ஆர்வெல்லாவும் ஒரு மணி நேர வெளிச்சமும்

ஆர்வெல்லா பெட்டிங்கர் கல்யாணமாகிக் குடிபுகுந்தது ஒரு சினிமாத் திரைக்குள்ளே. பேச்சுக்காகச் சொல்லவில்லை. இண்டியானாவின் தெற்கே, செயின்ட் ஒடிலியா என்ற எங்கள் சின்ன ஊரின் மேற்கு ஓரத்தில், உலகப்போர் முடிந்து சில வருஷங்களில் அவருடைய மாமனார், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் ஒரு டிரைவ்-இன் தியேட்டர் கட்டினார். மழை பெய்தால் தண்ணீர் தேங்கி மக்காச்சோளம் அழுகிப்போகும் பள்ளமான நிலம் அது. பயிர் நிற்காத இடத்தில் காராவது நிற்கட்டும் என்று நினைத்தாராம். நான்கு மாடி உயரத்துக்கு மரத்தால் ஒரு கோபுரம் எழுப்பி, அதன் கிழக்குப் பக்கத்துக்கு வெள்ளையடித்துத் திரையாக்கினார். கோபுரத்தின் வயிறு காலியாகத்தானே கிடக்கிறது என்று உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகளைப் போட்டார். கீழே சமையலறை, நடுவில் கூடம், உச்சியில் படுக்கையறை. நெடுஞ்சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் ஜன்னல்கள். அந்த வீட்டுக்குத்தான் அவருடைய மகன் அர்பன், பத்தொன்பது வயது ஆர்வெல்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரைப் பட்டாளமே ஓடும் கண்ணு. இந்தப் பக்கம் நான் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு பொட்டுச் சத்தம் வராது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சத்தமெல்லாம் கார்களுக்குள்தான் இருந்தது. கம்பத்தில் தொங்கும் சின்ன ஒலிபெருக்கியை எடுத்து அவரவர் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்வார்கள். ஆர்வெல்லாவுக்குக் கேட்டது ஹாரன் சத்தம் ஒன்றுதான். படச்சுருள் அறுந்தால் எல்லாக் காரும் சேர்ந்து அலறும். அவருடைய மூத்த பையன் ஹாரன் அலறினால் தூங்குவான், ஊர் அமைதியானால் எழுந்து அழுவான்.

நான் அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அர்பனுடைய இரத்த அழுத்த மாத்திரைக்காக ஆர்வெல்லா மாதாமாதம் வருவார். மாத்திரையை வாங்கிய பிறகும் கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். தியேட்டரின் கதை முழுவதும் அப்படி நின்றபடியே எனக்குக் கிடைத்ததுதான். படம் முடிந்ததும் ஒலிபெருக்கியைக் கழற்ற மறந்து, கம்பியோடு பிய்த்துக்கொண்டு வீடுபோய்ச் சேரும் ஆட்கள். "இந்த ஊர்ல எந்தக் கார் ஷெட்டைத் திறந்தாலும் என்னோடது ஒண்ணு கிடக்கும். பாதிரியார் வீட்டு ஷெட்லயும்தான்." பிறகு ஒரு வசந்தகாலத்தில் வந்த சூறாவளி, திரையையும் அதற்குள்ளிருந்த வீட்டையும் ஒன்றாகச் சுருட்டிச் சோயா வயலில் போட்டது. குடும்பம் தின்பண்டக் கடைக்கு அடியிலிருந்த நிலவறையில் பதுங்கியதால் பிழைத்தது. மறு வாரமே ஊரில் பாதிப் பேர் சுத்தியலோடு வந்து நின்றார்கள். இந்த முறை இரும்புச் சட்டமும் தகரமும். உள்ளே வீடு வேண்டாம் என்று வாசலோரமாகத் தனியாக ஒரு சின்ன வீடு. ஒலிபெருக்கிகளும் போய், கார் ரேடியோவிலேயே சத்தம் கேட்கும் காலம் வந்தது. சுற்றுவட்டார ஊர்களின் டிரைவ்-இன்கள் ஒவ்வொன்றாக மூடி, பழைய கார் விற்கும் இடங்களாக மாறின. பெட்டிங்கர் டிரைவ்-இன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. படம் ஓட்டும் அறையில் அர்பன், சீட்டுக் கொடுக்கவும் பாப்கார்ன் பொரிக்கவும் ஆர்வெல்லா.

சூறாவளிக்கும் தொலைக்காட்சிக்கும் தப்பியதை ஒரு கடிகாரம் சாய்த்துவிடும் போலிருந்தது.

எங்கள் பக்கத்தில் நேரம் என்பது தீராத குடும்பச் சண்டை. மேற்கே அடுத்த மாவட்டத்தில் மணி ஏழு என்றால் கிழக்கே எட்டு. கிழக்கு நேரத்துக்கு வேக மணி என்றும், மேற்கு நேரத்துக்கு நிதான மணி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாண அழைப்பில்கூட "நிதான மணி பத்துக்கு" என்று போடுவார்கள். நாடே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும்போது நாங்கள் மட்டும் தொடமாட்டோம். அதனால் குளிர்காலத்தில் கிழக்கோடு சேர்ந்திருப்போம், கோடையில் மேற்கோடு. "இப்ப உனக்கு மணி என்னடி?" என்று மதுரையிலிருந்து அம்மா ஃபோனில் கேட்கும்போதெல்லாம் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொல்வேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் இன்றைக்கும் போகவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் அதற்கு ஒரு முடிவு வந்தது. இனி மாநிலம் முழுவதும் கோடையில் கடிகாரத்தைத் தள்ளியாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கிழக்கோடு போவதா மேற்கோடு போவதா என்பதை மட்டும் ஒவ்வொரு மாவட்டமும் சொல்லலாம். மேற்கு என்றால் எங்கள் கோடை எப்போதும் போல இருக்கும், எட்டு மணிக்குச் சூரியன் மறையும். கிழக்கு என்றால் ஒன்பதாகிவிடும்.

மற்றவர்களுக்கு அது ஒரு மணி நேரம். ஆர்வெல்லாவுக்கு அது தியேட்டர்.

"இருட்டுதான் கண்ணு எங்க சரக்கு" என்றார் ஒரு நாள் என் கவுன்டரில். "அதை ஒரு மணி நேரம் லேட்டாக் கொண்டுவந்து இறக்கினா எப்படி வியாபாரம் பண்றது? ஒன்பதரைக்கு முதல் படம் போட்டா எந்தப் புள்ள முழிச்சிருக்கும்? மரச்சாமான் ஃபாக்டரியில சனிக்கிழமை காலையில ஆறு மணி ஷிஃப்டுக்குப் போறவன் எப்படி வருவான்?"

"அர்பன் என்ன சொல்றார்?"

"அவன் வேற கணக்குல இருக்கான்."

அர்பனுக்கு எழுபத்தொன்று. இடுப்பெலும்பு தேய்ந்து, படம் ஓட்டும் அறையின் படிகளில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுவார். தட்டுமுட்டுச் சாமான்களை வாடகைக்குப் போட்டுவைக்கும் கிடங்கு கட்ட அந்த நிலத்தைக் கேட்டு, ஒரு கம்பெனிக்காரர் இரண்டு வருஷமாக வந்துபோய்க்கொண்டிருந்தார். அர்பன் மனைவியிடம் ஒரு பேச்சுப் பேசியிருந்தார். இந்தக் கோடையைப் பார்ப்போம், கூட்டம் வந்தால் நடத்துவோம், வராவிட்டால் அக்டோபரில் நிலத்தைக் கொடுத்துவிடுவோம். ஆர்வெல்லாவும் சரி என்று கைகொடுத்திருந்தார். அந்த வீட்டில் கைகொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆகவே மாவட்ட நிர்வாகக் குழு ஊராரின் கருத்தைக் கேட்கக் கூட்டிய கூட்டத்துக்கு ஆர்வெல்லா சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் நீலக் கோட்டோடு வந்தார். பள்ளிக்கூட உள்ளரங்கில் மடக்கு நாற்காலிகள். ஊரே வந்திருந்தது. ஃபாக்டரிக்காரர் எழுந்து, எங்கள் லாரி எல்லாம் கிழக்கேதான் போகிறது, வேக மணிதான் வேண்டும் என்றார். தியேட்டருக்குப் பக்கத்து நிலத்துக்காரரான லெஸ்டர் அவரை உட்காரவிடாமல் எழுந்தார்.

"பனி காயாம சோயா அறுக்க முடியாது. பனி என்ன கடிகாரத்தைப் பாத்தா காயுது?"

எனக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, மணி மாறினால் காலை மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்டார். எனக்கும் அது உடனே தெரியவில்லை. அன்று முழுக்க அதே கவலைதான்.

ஆர்வெல்லாவின் முறை வந்ததும் குழுத்தலைவர் ராய் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "ஏம்மா ஆர்வெல்லா, ஒரு படத்துக்காக மாவட்டமே கடிகாரத்தைத் திருப்பணுமா?"

"ஒரு படம் இல்ல ராய், ரெண்டு படம்."

கூட்டம் சிரித்தது. ஆர்வெல்லா சிரிக்கவில்லை.

"ஜோன்கிட்ட நீ என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டது எங்க இடத்துலதான், நாலாவது வரிசையில. அவ சரின்னு சொன்னதும் உன் முழங்கை ஹாரன்ல பட்டு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு எட்டரைக்கே இருட்டிடுச்சு, அது உன் அதிர்ஷ்டம். ஒன்பதரை வரைக்கும் உன் மூஞ்சிய வெளிச்சத்துல பாத்திருந்தா அவ யோசிச்சிருப்பா."

நாற்காலிகள் குலுங்கின. ஜோன் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டார். ராய் காதுவரை சிவந்து, தானும் சிரித்துவிட்டார். ஆனால் வாக்கு என்று வந்தபோது இரண்டுக்கு ஒன்றாக வேக மணி ஜெயித்தது. ராய் போட்டதும் வேக மணிக்குத்தான். ஊருக்குச் சம்பளம் கொடுப்பது ஃபாக்டரி.

வெளியே வரும்போது லெஸ்டர் சத்தமாகவே சொன்னார். "அவங்க எதை வேணா மாத்திக்கட்டும். என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஒருத்தனும் தொட முடியாது."

"உன் கடிகாரம் எங்க ஓடினா எனக்கென்ன லெஸ்டர்? சூரியன் ராய் பேச்சைக் கேட்டுட்டானே" என்றார் ஆர்வெல்லா.

குளிர்காலம் முழுவதும் மூடியிருந்த தியேட்டர் மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை திறந்தது. அதற்கு முந்தின நாள் ஆர்வெல்லா சின்ன ஏணியில் ஏறி, சாலையோர அறிவிப்புப் பலகையில் எழுத்துகளைக் கோத்தார். வெள்ளி, சனி, இரண்டு படம், எட்டரை மணி. ஐம்பது வருஷப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே எட்டரையைத் தேடி எடுத்தன. மாவட்டத்தோடு சண்டை போட்ட அவருக்கே, அது பழைய மணி என்பது தோன்றவில்லை. சாலையில் போனவர்களுக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் கடிகாரப்படி அதை வாசித்துக்கொண்டு போனார்கள்.

எங்கே போனாலும் சீக்கிரமே போய் நிற்பது எனக்கு ஒரு வியாதி. அன்றும் வெயில் நன்றாக இருக்கும்போதே போய்விட்டேன். எனக்கு முன்னால் அங்கே ஒரு வண்டி நின்றது. லெஸ்டருடைய லாரி. சர்ச் விருந்துக்குக் கறி சுடும் பெரிய இரும்பு அடுப்பு, சக்கரங்களோடு அதன் பின்னால் மாட்டியிருந்தது. அவசரத்தில் அதைக் கழற்றக்கூட நேரமில்லை போலிருக்கிறது.

அர்பன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவரிடம் போனார். "என்ன லெஸ்டர், நேத்து ராத்திரி இங்கயே படுத்துட்டியா?"

"பலகையில ஏழரைன்னு இருக்குன்னு ஆல்பினா சொன்னா. கவர்மென்ட்டு சொன்ன வேக மணியாத்தான் இருக்கும். எங்க வீட்டுல நிதான மணி. அதுல ஒண்ணைக் கழிச்சேன். நல்ல இடம் பிடிக்க இன்னும் ஒரு மணி முன்னாடியே வந்துட்டேன்."

பக்கத்திலிருந்த அவருடைய மனைவி ஆல்பினா தலையில் கைவைத்தார். "நான்தான் கழிச்சுட்டேனே! உங்ககிட்ட ஏழரைன்னு சொன்னதே கழிச்சுச் சொன்னதுதான். அதுலயும் ஒண்ணைக் கழிச்சுட்டீங்களா?"

"நீ கழிச்சேன்னு சொல்லவே இல்லையே!"

"இருபத்தெட்டு வருஷமா நான் சொல்றதுல ஒண்ணைக் கழிச்சுத்தானே கேக்கறீங்க, இதுல மட்டும் என்ன புதுசு?"

அர்பன் சூரியனை அண்ணாந்து பார்த்தார். "ஆக, படம் போட இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. ஜெபமாலை கொண்டுவந்திருக்கீங்களா?"

வேக மணிப்படி ஏழரை ஆனதும் சாலையில் புழுதி எழுந்தது. பலகையை வேக மணியாக வாசித்த குடும்பங்கள் நல்ல இடம் பிடிக்க ஒரு மணி முன்னதாகவே வரிசையாக வந்தன. ஆர்வெல்லா சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஃபாக்டரியில் வேலை செய்யும் ஒருவர் கார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"எட்டரைக்கு எப்படி ஆர்வெல்லா படம் போடுவ? சூரியன் என் கண்ணைக் குத்துது!"

ஆர்வெல்லாவின் கை நின்றது. பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சீட்டுக் கட்டை என் கையில் திணித்துவிட்டு நேரே அர்பனிடம் போனார். நான் இதுவரை யாருக்கும் சீட்டுக் கிழித்ததில்லை. தப்பாகக் கிழித்துவிடுவேனோ என்ற கவலையோடு இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பழைய மணியப் போட்டுட்டேன் அர்பன். எல்லாரும் ரெண்டு மணி நேரம் வெயில்ல உக்காரணும்."

"ஐம்பது வருஷத்துல நீ பண்ணின முதல் தப்பு. இன்னைக்குத் தேதியக் குறிச்சு வச்சுக்கறேன்."

"சிரிக்காத. திறந்த அன்னைக்கே ஊரை ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு. இவங்க திரும்பிப் போனா அப்புறம் வரமாட்டாங்க. நீ அக்டோபர் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்."

அர்பன் சிரிப்பை நிறுத்தினார். ஆர்வெல்லா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், காருக்குக் கார் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார்.

எங்கள் திரை கிழக்கே பார்த்தது. மறையும் வெயில் படத்தின்மேல் விழாதிருக்க அப்படிக் கட்டியது. அதனால் கார்களெல்லாம் மேற்கே பார்த்து நிற்கும், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அந்தப் பெரிய மைதானத்தில் நிழல் என்று ஒன்று இருந்தால் அது திரையின் நிழல்தான். அதை முதலில் கண்டுபிடித்தவர் ஆல்பினா. "இப்படி வெந்து சாகறதுக்கு அங்க போய் நிக்கலாம்" என்று கணவரை முன்வரிசைக்கு விரட்டினார். கழுத்து வலிக்கும் என்று யாரும் சீண்டாத வரிசை அது. லெஸ்டர் லாரியை நிழலுக்குள் கொண்டுபோனதும் பின்னாலேயே இன்னொன்று போனது. பிறகு எல்லாரும். சூரியன் இறங்க இறங்க நிழல் நீண்டு இரண்டாவது வரிசைக்கு வந்தது, மூன்றாவதுக்கு வந்தது. மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அதன் பின்னாலேயே நகர்ந்தார்கள்.

நிழலில் உட்கார்ந்தவர்களுக்குப் பசித்தது. லெஸ்டர் அடுப்பைப் பற்றவைத்தார். ஆல்பினா தங்களுக்கென்று கொண்டுவந்த சாசேஜ் முதல் சுற்றிலேயே தீர்ந்தது. யாரோ தங்கள் பனிப்பெட்டியைத் திறந்தார்கள், இன்னொருவர் ஒரு வாளி நிறைய முட்டைக்கோஸ் சாலட் இறக்கினார். மக்காச்சோளம் நிரப்பிய துணிப்பைகளைப் பலகைத் துளைக்குள் எறியும் விளையாட்டு ஒரு பக்கம் ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் பந்தாட்டம், வேக மணிக்காரர்களுக்கும் நிதான மணிக்காரர்களுக்கும். தலைவர் ராய் குடும்பத்தோடு வந்து இறங்கியதும் ஒரு கூச்சல் எழுந்தது.

"ராய் வேக மணி! ராயை அந்தப் பக்கம் தள்ளு!"

"ஓடுய்யா, ஓடு! நீ கேட்ட மணிதானே, வேகமா ஓடு!"

மன்னிப்புக் கேட்க வந்த ஆர்வெல்லா எட்டாவது காரோடு நிறுத்திவிட்டார். ஒவ்வொரு ஜன்னலிலும் அவர் வாயைத் திறக்குமுன் அவர்கள் திறந்தார்கள்.

"ரொட்டி இருக்கா ஆர்வெல்லா?"

"கடுகுச் சாஸ் தீந்துபோச்சு, உள்ள இருக்கா?"

"ரூட் பியர் சோடா ரெண்டு குடு. இல்ல, ஆறா குடு."

ஐம்பது வருஷமாக இந்த மைதானத்தை அவர் பார்த்தது இருட்டில்தான். இருட்டில் கூட்டத்துக்கு முகம் கிடையாது, ஹாரனும் விளக்கும்தான். அன்று ஒவ்வொருவரும் சாப்பிடுவது தெரிந்தது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது தெரிந்தது. ஓட்டமாகத் தின்பண்டக் கடைக்குள் போனார். நானும் சீட்டுக் கட்டோடு பின்னால் போய் ரொட்டி எடுத்துக் கொடுத்தேன். முதல் படம் தொடங்குவதற்கு முன்பே கடையில் ரொட்டி காலி. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

பலகையைப் பழைய மணியாக வாசித்தவர்கள், அதாவது சரியாக வாசித்தவர்கள், கடைசியில் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் சண்டை.

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சா? எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"பலகையிலதான் போட்டிருந்தேனே" என்றார் ஆர்வெல்லா, முகத்தை மாற்றாமல்.

திரைக்குப் பின்னால் வானம் ஆரஞ்சாகி, பிறகு கருநீலமாக ஆனது. அர்பன் படத்தை ஓட்டினார். ஓடி ஓடிக் களைத்த குழந்தைகள் லாரிகளின் பின்பக்கத்தில் போர்வைக்குள் முதல் அரை மணியிலேயே தூங்கிவிட்டார்கள். ஆர்வெல்லா பயந்தது போலவே முதல் படத்தோடு பாதிப் பேர் கிளம்பினார்கள். ஆனால் போகிற போக்கில் ஒவ்வொரு காரும் அவர் அருகில் நின்று, நாளைக்கும் அடுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் போனது.

அடுத்த வாரம் பலகையில் மணியே இல்லை. "சாப்பாடு ஏழு மணி முதல். படம் இருட்டினதும்." கடைக்கு வந்தவரிடம் நான் கேட்டேன், எந்த ஏழு என்று போடவில்லையே, குழப்பம் வராதா?

"உன் ஏழு கண்ணு. எந்த ஏழுக்கு வந்தாலும் சோறு இருக்கும்."

எல்லா வாரமும் அப்படியே இருந்தது என்று சொல்லமாட்டேன். ஜூனில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் மழை கொண்டுபோனது. இரண்டாவது படத்துக்கு ஆளில்லாமல் அர்பன் காலி மைதானத்துக்குப் படம் ஓட்டிய நாளும் உண்டு. பிறகு ஆர்வெல்லா இரண்டாவது படத்தைச் சனிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டார். ஃபாக்டரிக்காரர்கள் வெள்ளியன்று சாப்பாட்டுக்கும் முதல் படத்தில் பாதிக்கும் வந்தார்கள். சர்ச் பெண்கள் முறைவைத்து ஆளுக்கொரு வாரம் வறுத்த கோழி கொண்டுவந்தார்கள். ஆகஸ்டில் ஒரு கல்யாண விருந்தே அந்த நிழலில் நடந்தது.

செப்டம்பரில் லெஸ்டர் ஒரு மனுவோடு தியேட்டருக்கு வந்தார். மாவட்டத்தை நிதான மணிக்கு மாற்றச் சொல்லி மறுபடியும் கேட்கப் போகிறார்களாம். கறி சுட்ட பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த ஆர்வெல்லாவிடம் பேனாவை நீட்டினார்.

"முதல் கையெழுத்து உன்னோடதுதான். உனக்குன்னு காலியா விட்டு வச்சிருக்கேன்."

"போடமாட்டேன்."

"என்னது?"

"போடமாட்டேன் லெஸ்டர். அப்ப எனக்கு இருட்டு வேணும்னு நின்னேன். இப்ப வெளிச்சம் வேணும். அந்த ஒரு மணியத் திருப்பிக் குடுத்தா நான் எங்க உக்கார வச்சுச் சோறு போடுவேன்?"

லெஸ்டர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "கூட்டத்துல உனக்காக நான் தொண்டை கிழியக் கத்தினேன்டி!"

"சோயாவுக்காகக் கத்தின. இந்த வெள்ளிக்கிழமை அடுப்புக்கு வருவியா மாட்டியா?"

"வருவேன். ஆனா என் கடிகாரப்படிதான் வருவேன்."

"உன் கடிகாரப்படியே வா. ஆல்பினாகிட்ட மட்டும் கேக்காத."

அக்டோபர் வந்தது. ஆர்வெல்லா கடைக்கு வந்தார், மாத்திரையை வாங்கினார், கவுன்டரில் முழங்கையை ஊன்றவில்லை. அர்பன் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றார். கேட்டீர்களா என்றேன்.

"கைகொடுத்தது நான். சொல்ல வேண்டியவன் அவன். கூட்டம் வந்துதுன்னு எனக்குத் தெரியும். அவன் இடுப்புக்கு அது தெரியணுமே."

அந்த வாரக் கடைசியில் ஆர்வெல்லா என் கடையில் விட்டுச்சென்ற மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். மைதானத்தில் மரம் வெட்டுகிறவர்களுடைய தூக்கு வண்டி நின்றது. அதன் கூடைக்குள், திரையின் உச்சிக்குப் பக்கத்தில், அர்பன். அவருடைய இடுப்புக்கு நான் இதுவரை கொடுத்த வலி மாத்திரையெல்லாம் என் கண்முன்னால் ஒரு முறை ஓடியது. கீழே ஆர்வெல்லா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இறங்குன்னா இறங்க மாட்டேங்கறான். என்ன பண்றன்னு கேட்டா பதிலும் இல்ல."

அதே சமயம் கிடங்குக் கம்பெனிக்காரர் வாசலில் காரை நிறுத்தி, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார். திரையின் இரண்டு பக்கங்களிலும் புதிய தகரத் தகடுகள் இறக்கைபோல நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அண்ணாந்து பார்த்தார்.

"திரையைப் பெருசாக்கறீங்களா அர்பன்? பெரிய படமா போடப் போறீங்க?"

"படம் அதே அளவுதான்" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "நிழல்தான் பத்தல. ஓரத்துல உக்கார்றவங்களுக்கு எட்டு மணி வரைக்கும் மூஞ்சில வெயில் அடிக்குது. சாப்பிடறப்போ கண்ணைச் சுருக்கிக்கிட்டே சாப்பிடறாங்க, பாக்கப் பாவமா இருக்கு."

"அப்போ நிலத்தைப் பத்தி..."

"அடுத்த வருஷம் மே கடைசில திறக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க."

கம்பெனிக்காரர் ஆர்வெல்லாவைப் பார்த்தார். ஆர்வெல்லா அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியை ஒரு முறை கழற்றினார்.

"அர்பன்!"

"என்ன?"

"வடக்குப் பக்கத் தகடு கோணலா இருக்கு. கொஞ்சம் தூக்கு."

அர்பன் தகட்டைத் தூக்கிப் பிடித்துத் திருகாணியை முடுக்கினார். ஆர்வெல்லா பின்னோக்கி நடந்து ஐந்தாவது வரிசையின் ஓரத்துக்குப் போய், புல்லில் விழுந்த புது நிழலுக்குள் நின்று, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார்.